இணைப்பு: ஒன்று

புதன்கிழமை காலை பத்து மணி. செவிலிமேட்டில், சுண்ணாம்பு வாசனை இன்னும் போகாத ஒரு புது வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து, துப்பறிவாளர் மயில்வாகனம் அந்தக் கடிதத்தை நாலாவது முறையாகப் படித்தார்.

“ஐயா, தங்கள் உயிர் குறித்து வழங்கப்பட்டுள்ள தற்காலிக அனுமதி, வரும் 13-9-68 வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியுடன் முடிவடைகிறது எனத் தெரிவித்துக்கொள்கிறேன். நீட்டிப்புக் கோரும் மனுக்கள் ஏற்கப்படமாட்டா. இணைப்பு: ஒன்று.”

தமிழ்த் தட்டச்சு. கையெழுத்து இல்லை. ‘முடிவடைகிறது’ என்ற சொல்லை மட்டும் யாரோ சிவப்புப் பென்சிலால் அடித்து, மேலே ‘காலாவதியாகிறது’ என்று எழுதியிருந்தார்கள்.

“இது யார் திருத்தினது?”

“நான்தான்” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த நமச்சிவாயம். “அனுமதி முடிவடையாது. காலாவதியாகும். இது முப்பது வருஷப் பழக்கம், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.”

அவர் போன வருஷம்தான் ஓய்வு பெற்றவர். சென்னையில் விமான உரிமம் வழங்கும் அலுவலகம் ஒன்றில் பிரிவுத் தலைவராக இருந்தவர். சொந்த ஊரான காஞ்சிபுரத்துக்குத் திரும்பி வந்து, பாலாற்றுப் பக்கமாக வீடு கட்டிக்கொண்டு அக்கடா என்று உட்கார்ந்தபோது இந்தக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. முதல் இரண்டில் ‘தங்கள் விவகாரம் பரிசீலனையில் உள்ளது. இணைப்பு: ஒன்று’ என்று மட்டும் இருந்தது. இது மூன்றாவது.

மயில்வாகனத்தின் உதவியாளர் ரேணுகாம்பாள் மூன்று கடிதங்களையும் வாங்கிப் பார்த்தாள். டிரங்க் டெலிபோன் ஆபீசில் ஆறு வருஷம் வேலை பார்த்து, பெரிய மனிதர்களுக்குப் பதிலுக்குப் பதில் பேசியதற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் அவள்.

“மிரட்டல் லெட்டருக்கு வரிசை நம்பர் போட்டு, துளை போட்டு, நாடாவிலே கட்டி வெச்சிருக்கீங்களே சார். எழுதினவன் பார்த்தா மனசொடிஞ்சு போயிடுவான்” என்றாள்.

நமச்சிவாயம் சிரிக்கவில்லை. “எழுதினவன் யாரென்று எனக்குத் தெரியும். முசரவாக்கம் ஸ்ரீபாலன். ஒரு விமானக் கம்பெனி ஆரம்பிக்கப் பார்த்தான், முடியவில்லை. அந்தக் கோபம். அவன்தான் எழுதினான் என்று வெள்ளிக்கிழமைக்குள் ருசுப்படுத்திக் கொடுங்கள். அது போதும்.”

“போலீசுக்குப் போகலாமே.”

“வேண்டாம்” என்றார் நமச்சிவாயம், கொஞ்சம் வேகமாக.

மயில்வாகனம் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார். தபால் இலாகாவில், விலாசம் புரியாத கடிதங்கள் வந்து சேரும் அறையில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். உறைக்குள் ஒரு தூசு இருந்தாலும் அதையும் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். “இணைப்பு ஒன்று என்று போட்டிருக்கிறதே. உள்ளே என்ன இருந்தது?”

“எதுவும் இல்லை. மறந்திருப்பான்.”

“மூன்று கடிதத்திலுமா?”

நமச்சிவாயம் தோளைக் குலுக்கினார்.

“இடது மூலையில், அடியில், எறும்பு மாதிரி இரண்டு எழுத்து இருக்கிறதே? ந, ஒரு சாய்கோடு, ஏ.”

“தட்டச்சுப் பிழையாக இருக்கும். மூலையில் இருப்பதையெல்லாம் நான் பார்ப்பதில்லை.”

நமச்சிவாயத்தின் மனைவி காமாட்சியம்மாள் காப்பித் தம்ளர்களை வைத்துவிட்டுப் போகாமல் கதவோரம் நின்றாள். “ஏம்பா, வெள்ளிக்கிழமை ஏதாவது பண்ணிடுவாங்களா?” என்று மயில்வாகனத்தைக் கேட்டாள்.

“உனக்கு ஒன்றும் புரியாது, உள்ளே போ” என்றார் நமச்சிவாயம்.

அவள் போனாள்.

* * *

முசரவாக்கத்துக்குக் குதிரை வண்டியில் போனார்கள். வழியில் மூன்று இடத்தில் குதிரை யோசித்து நின்றது.

“இந்தக் குதிரைக்கும் மேலிடத்திலேருந்து உத்தரவு வரணும் போலிருக்குது” என்றாள் ரேணுகாம்பாள்.

ஸ்ரீபாலன் தன் நெல் மில்லின் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது. நெற்றியில் சந்தனம். நமச்சிவாயம் என்ற பெயரைக் கேட்டதும் கையிலிருந்த வெற்றிலையை அப்படியே கீழே வைத்தார். கடிதத்தை நீட்டியதும் நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“நல்லா எழுதிக்கிறாங்க. நான் எழுதலபா. நாங்க ஜைனருங்க. பொழுது சாயறதுக்குள்ள சாப்பாட்ட முடிச்சிடுவோம், வெளக்குல பூச்சி வந்து வுழுந்துடக் கூடாதுன்னு. மனுசன் உயிர எடுக்கறேன்னு எழுதமாட்டேன். ஆனா எவனாவது எழுதினான்னா, போய்க் கைய மட்டும் புடிக்கமாட்டேன்.”

“என்ன நடந்தது?” என்றார் மயில்வாகனம்.

ஸ்ரீபாலன் சொன்னார். அப்போது டைம்டேபிள் போட்டு ஓடும் விமானம் எல்லாம் சர்க்காருடையது. தனியார் வாடகைக்கு விமானம் ஓட்டலாம், அதற்கும் உரிமம் வேண்டும். 1959-ல் அவர் இரண்டு பழைய டகோட்டா விமானங்களை வாங்கினார். பட்டு, பூ, மாம்பழம், அவசரமாகப் போகிற ஜனங்கள் எல்லாவற்றையும் ஏற்றிப் போவதாகத் திட்டம். கம்பெனிக்குப் பாலாறு ஏர் சர்வீஸ் என்று பெயர். உரிமத்துக்கு மனுப் போட்டார்.

“எறக்கையோட நீளம் எத்தன அடின்னு கேட்டான். எழுதிக் குடுத்தேன். எட்டு மாசம் கழிச்சு, இப்ப மீட்டர் கணக்கு வந்துடுச்சு, மீட்டர்ல எழுதுன்னான். எழுதினேன். பைலட்டு பொறந்த சர்ட்டிபிகேட்டு கேட்டான். அவன் பர்மாவுல பொறந்தவன். அதுக்கு ஒண்ணரை வருசம். மீனம்பாக்கத்துல பிளேன் ரெண்டும் வெயில்ல நின்னுக்கினு இருக்குது. இஞ்சின் உள்ள மைனா கூடு கட்டிடுச்சு. மாசாமாசம் போய்க் குஞ்சு பறந்துடுச்சான்னு பாத்து, தொடச்சு, ஓட்டிப் பாத்து வெப்போம். நாலு வருசம் அப்படியே போச்சு.”

அவர் குரல் இறங்கியது.

“அறுபத்திமூணு ஏப்ரல்ல என் சம்சாரம் தயாவதிக்கு மண்டைக்குள்ள கட்டின்னு சொன்னாங்க. சீமையிலேருந்து ஒரு டாக்டர் பம்பாய்க்கு வந்துகிறார், பதினெட்டாம் தேதி வரைக்கும்தான் இருப்பாரு, ஒடம்பு அலுங்காம பிளேன்ல இட்டுக்கினு போன்னாங்க. சர்க்கார் பிளேன்ல ஒம்போது நாளைக்கு எடம் கெடையாது. ஒரே கூட்டம், வேற பிளேனும் இல்ல. என் பிளேன் ரெண்டும் பளபளன்னு நிக்குது. பைலட்டு நிக்கிறான். பெட்ரோல் நிக்குது. அந்த ஆபீசுக்குப் போன் போட்டேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பறக்க வுடுங்கன்னேன். ஒரு பொம்பள பேசினா. ஐயா எழுத்து மூலமாக் குடுக்கச் சொல்றாருன்னா.”

ஸ்ரீபாலன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ரயில்ல இட்டுக்கினு போனேன். குந்தக்கல் தாண்டல.”

கீழே வைத்த வெற்றிலையை எடுத்து, போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“கருமாதி முடிஞ்சு டில்லிக்குப் போனேன், சண்ட போட. அங்க ஆபீஸ் காப்பிய எடுத்துக் காட்டறாங்க. உரிமம் எப்பவோ குடுத்தாச்சாம். ஏப்ரல் நாலாந்தேதி உத்தரவு, எட்டாந்தேதி மெட்ராஸ் ஆபீசுக்கு வந்துக்குது. நான் போன் பண்ணது பன்னெண்டாந்தேதி. இந்த நமச்சிவாயத்துகிட்ட வந்து கேட்டா, என் மேசைக்கு வரவேயில்ல, டைப்பிஸ்ட் தொலைச்சிட்டான்னான். வுடுவேனா? நாலு மாசம் அலைஞ்சு, மேல மேல புகார் எழுதி, அவள டிஸ்மிஸ் பண்ண வெச்சேன். செப்டம்பர் பதிமூணு. அன்னிக்குத்தான் எனக்குச் சோறு எறங்குச்சு. அப்புறம் பிளேன காயலாங்கடைக்குப் போட்டுட்டேன்.”

“அந்த டைப்பிஸ்ட் பெயர்?”

“மறக்குமா? ஏலவார்குழலி.”

மயில்வாகனம் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பிறகு ரேணுகாம்பாளிடம் திரும்பினார்.

“ஆபீஸ் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் பெயரின் முதல் எழுத்தையும், தட்டச்சு செய்தவர் பெயரின் முதல் எழுத்தையும் இடது மூலையில் அடிப்பார்கள். யார் அடித்தது என்று பின்னால் தெரிய வேண்டும் என்பதற்காக.”

“ந, நமச்சிவாயம். ஏ, ஏலவார்குழலி” என்றாள் ரேணுகாம்பாள் மெதுவாக. “மொட்டைக் கடுதாசியிலே பேரைப் போட்டு அனுப்பியிருக்காளா? அதுவும் மூணு தடவை?”

“முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டவர் ஒரு நாளும் அந்த மூலையைப் பார்த்ததில்லை. அவளுக்கு அது தெரியும்.”

“ஆளை எங்கே தேடறது சார்? மெட்ராசிலா?”

“நீயே சொல்லேன்.”

ரேணுகாம்பாள் யோசித்தாள். “ஏலவார்குழலி, ஏகாம்பரநாதர் கோயில் அம்மன் பேரு. வேற ஊர்லே அந்தப் பேரை வெச்சா பள்ளிக்கூடத்திலே வாத்தியாருக்கே வாய் சுளுக்கிக்கும். இந்த ஊர்ப் பொண்ணுதான். வேலை போன டைப்பிஸ்டுக்கு வேற என்ன தெரியும்? ஊர்லே தமிழ் மெஷின் வெச்சிருக்கற இன்ஸ்டிடியூட் எத்தனை இருக்கப் போகுது?”

இரண்டு இருந்தன. இரண்டாவதில் அவள் இருந்தாள்.

* * *

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் மாடி அது. கீழே அவளுடைய அண்ணன் தறியில் உட்கார்ந்திருந்தார். மேலே ஆறு தட்டச்சு இயந்திரங்கள். மாணவிகள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும் ஏலவார்குழலிக்கு. கண்ணாடி போட்டிருந்தாள். மயில்வாகனம் கடிதத்தை மேசைமேல் வைத்து, மூலையில் விரலை வைத்தார்.

“அப்பாடா” என்றாள் அவள். “மூணாவது லெட்டருக்காவது ஒருத்தர் வந்தீங்களே. உக்காருங்க.”

“நீ மறுக்கப் போவதில்லையா அம்மா?”

“எதுக்கு மறுக்கணும்? நீங்க வரணும்னுதான் எழுதினேன். அவர் போலீசுக்குப் போகமாட்டார். போனா பழைய கதையைக் கேப்பாங்க. பயந்தா, வெளியாளைத்தான் கூப்பிடுவார். வர்ற ஆளு கடிதத்தை மூலைவரைக்கும் படிக்கிறவரா இருக்கணும்னு சாமியை வேண்டிக்கினேன்.”

“இணைப்பு எங்கே?”

“அவருகிட்ட” என்றாள் ஏலவார்குழலி.

அவள் குரலை உயர்த்தவில்லை. இயந்திரத்தின் உருளையைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

“எட்டாந்தேதி காலைல உறையைப் பிரிச்சது நான். மூலையில ‘அவசரம்’னு டில்லி அதிகாரி தன் கையால பச்சை மையில எழுதியிருந்தார். ஆபீஸ் காப்பியில அது கெடையாது, அசல்ல மட்டும்தான். உடனே ஸ்ரீபாலனுக்கு அனுப்பறதுக்குக் கடிதம் அடிச்சேன். இணைப்பு ஒன்றுன்னு போட்டு, உத்தரவைச் சேத்துக் குத்தி, அவர் மேசையில வெச்சேன். படிச்சார். மொகம் செவந்துபோச்சு. என் கோப்புல என்னைக் கேக்காம டில்லியில முடிவு பண்றாங்களான்னார். ஸ்ரீபாலன் யாரோ எம்.பி.யைப் புடிச்சு மேல போயிருந்தார்னு அப்ப தெரிஞ்சுது. உத்தரவைப் பையில வெச்சுக்கினார். கெடக்கட்டும், கொஞ்ச நாள் காயட்டும்னார்.”

“பன்னிரண்டாம் தேதி போன் வந்தது.”

“எடுத்தது நான். அந்த மனுசன் அழறாரு. நான் உள்ள போய்ச் சொன்னேன். எழுத்து மூலமாக் குடுக்கச் சொல்லுன்னார். உரிமம் அவர் பையில இருக்குது சார். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவர் சொன்னதை அப்படியே போன்ல சொன்னேன். வேலை போயிடுமேன்னு பயம். அப்பவே உரிமம் வந்தாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தம்மா பொழைச்சிருப்பாங்களோ என்னவோ. கடைசில வேலையும் போச்சு.”

விசாரணையில் அவள் பேச்சை யாரும் நம்பவில்லை. காசு வாங்கிக்கொண்டு உத்தரவை ஒளித்தாள் என்று ஊரில் பேசினார்கள். நிச்சயமான கல்யாணம் நின்றது. அப்பா அதற்கப்புறம் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்.

“புது ஆதாரம் கெடைச்சா அஞ்சு வருசத்துக்குள்ள மறு விசாரணை கேக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணியோட அது முடியுது. அதுக்கப்புறம் நான் சாகற வரைக்கும் திருடிதான்.”

“உயிர் என்று எழுதினாயே. அவரைக் கொல்லும் எண்ணம் இருந்ததா?”

ஏலவார்குழலி நேராகப் பார்த்தாள். “தினமும் இருந்தது. ஆனா செத்துட்டா அவருக்கு ஒண்ணும் தெரியாது சார். தெரியணும்.”

படி இறங்கும்போது ரேணுகாம்பாள் கேட்டாள். “நம்ம கட்சிக்காரர் யாரு சார் இப்ப?”

“காலையில் கூப்பிட்டவர்தான். அவர் கேட்டது, எழுதினது யார் என்று. அதைச் சொல்லப் போகிறோம்.”

“அவ்வளவுதானா?”

“ஒரு பேப்பரும் பேனாவும் எடு.”

* * *

மாலை நாலரை மணிக்கு நமச்சிவாயம் அவர்களை வாசலிலேயே எதிர்கொண்டார்.

“ஸ்ரீபாலன்தானே?”

“இல்லை. உங்கள் பழைய டைப்பிஸ்ட். ஒப்புக்கொண்டுவிட்டாள்.”

நமச்சிவாயத்தின் முகத்தில் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு மெதுவாக ஒரு நிம்மதி பரவியது. “அவளா? சரிதான். வேலை போன ஆத்திரம். உடனே உள்ளே தள்ள வேண்டும்.”

“அதற்குத்தான் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொண்டுவந்தேன். நீங்கள் கையெழுத்துப் போட்டால் போலீசில் கொடுத்துவிடலாம். வாசகம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.”

அவர் காகிதத்தை வாங்கினார். கை தானாகவே சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தது. முதல் வரியில் ஒரு காற்புள்ளி போட்டார். இரண்டாவது பத்தியில் ‘அனுப்பிய’ என்பதை ‘அனுப்பப்பட்ட’ என்று மாற்றினார். மூன்றாவது பத்திக்கு வந்தார்.

‘மூலையில் அவசரம் என்று நீல மையால் எழுதப்பட்டிருந்த அந்த உத்தரவை மேற்படி ஊழியர் தொலைத்ததால்’ என்று அதில் இருந்தது.

பென்சில் ‘நீல’ என்பதை அடித்தது. மேலே ‘பச்சை’ என்று எழுதியது.

“பிழை நிறைய இருக்கிறது” என்று நீட்டினார்.

மயில்வாகனம் வாங்கவில்லை. “அந்த உத்தரவை நீங்கள் கண்ணாலேயே பார்க்கவில்லை என்று விசாரணையில் சொன்னீர்கள். டில்லிக் காப்பியில் அந்தச் சொல்லே கிடையாது. மை பச்சை என்று எப்படித் தெரிந்தது?”

நமச்சிவாயம் காகிதத்தைப் பார்த்தார். தான் எழுதிய அந்த ஒற்றைச் சொல்லையே வெகு நேரம் பார்த்தார். பிறகு காகிதத்தை இரண்டாகக் கிழித்தார். நாலாக, எட்டாகக் கிழித்து, துண்டுகளை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டார். ரேணுகாம்பாள் எழுந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“இப்போது சொல்லுங்கள். என்ன ஆதாரம் இருக்கிறது உங்களிடம்?” என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. “அவன் என்னைத் தாண்டிப் போனான். நாலு வருஷம் நான் பார்த்த கோப்பு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் டில்லியில் போய் வாங்கி வருகிறான். ஒரு வாரம், பத்து நாள், என் வாசலில் நிற்கட்டும் என்று நினைத்தேன். இது ஒரு குற்றமா? அவன் பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பதை நான் நம்பவில்லை. எல்லோரும் சொல்கிற காரணம்தான் அது. மறுவாரம் செத்துப்போனாள் என்று கேள்விப்பட்டேன். அதற்குமேல் அதை எப்படி வெளியில் எடுப்பது?”

“உத்தரவு எங்கே?”

“சாம்பல். அன்றைக்கே வெந்நீர் அடுப்பில் போட்டாயிற்று.”

“போடல” என்றது ஒரு குரல்.

காமாட்சியம்மாள் கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கையில் மடித்த ஒரு காகிதம் இருந்தது.

“அடுப்புல போடுன்னு குடுத்தாரு. எனக்கு இங்கிலீசு தெரியாது. சிங்கம் போட்ட சர்க்கார் காயிதம், எரிச்சா ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துக்கினு என் முகூர்த்தப் பொடவைக்குக் கீழ வெச்சேன். அப்புறம் மறந்தும் போச்சு.” அவள் கணவனைப் பார்க்காமல் மயில்வாகனத்திடமே பேசினாள். “இந்தக் காயிதம் வெளிய வராததால ஒரு பொம்பள செத்துப் போயிட்டாளாப்பா?”

“ஆமாம், அம்மா.”

“இன்னொரு பொம்பள பேரு கெட்டுப்போச்சா?”

“ஆமாம்.”

“காமாட்சி, இங்கே கொடு” என்றார் நமச்சிவாயம்.

அவள் அவரைச் சுற்றிக்கொண்டு வந்து, காகிதத்தை ரேணுகாம்பாளின் கையில் வைத்தாள். மூலையில் இருந்த பச்சை மை கொஞ்சம்கூட மங்கவில்லை. “எனக்கு ஒண்ணும் புரியாதுன்னு முப்பது வருசமா சொல்லிக்கினே இருந்தாருமா. புரிஞ்சிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

* * *

வியாழக்கிழமை மயில்வாகனம் ஸ்ரீபாலனைப் பிள்ளையார்பாளையத்து மாடிக்கு அழைத்து வந்தார். அவர் உத்தரவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தார். ஏலவார்குழலி யாரென்று தெரிந்ததும் நின்ற இடத்திலேயே பெஞ்சைத் தேடி உட்கார்ந்தார்.

“உன் வேலைய நான்தாம்மா தின்னேன். பழி தீத்துட்டேன்னு சந்தோசமா இருந்தேன்.”

“தெரியும். உங்க புகாரை என்கிட்டதான் குடுத்துப் பதில் எழுதச் சொன்னாங்க” என்றாள் அவள். “போன்ல பேசினது நான். அதையும் தெரிஞ்சுக்கோங்க.”

ஸ்ரீபாலன் வெகு நேரம் அவளையே பார்த்தார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொல்லவில்லை. கடைசியில், “எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு. சாட்சியா நான் போடறேன். நாளைக்கு மெட்ராசுக்கு என் ஜீப்புலயே போவலாம்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மனு தயாராக இருந்தது. ஜீப் பின் தெருவில் நின்றது. அப்போது முன்வாசல் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நமச்சிவாயம் ஏறி வந்தார். சவரம் செய்யாத முகம். வகுப்பில் ஆறு பெண்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“குழலி, உன்னோடு தனியாக ஒரு ஐந்து நிமிஷம் பேச வேண்டும்” என்றார் தாழ்ந்த குரலில். “நான் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறேன். இதை மேலே அனுப்பாதே.”

“உக்காருங்க” என்று பெஞ்சைக் காட்டினாள் ஏலவார்குழலி. கைப்பையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அங்கிருந்த மற்ற மூவரோடும் பின்கட்டுப் படி வழியாக இறங்கி ஜீப்பில் ஏறினாள்.

சென்னையில் அந்த அலுவலகத்தின் தபால் பிரிவில் மனுவை வாங்கிய குமாஸ்தா, அசல் உத்தரவைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய் ஓர் அதிகாரியை அழைத்து வந்தார். அந்த அதிகாரி இன்னொருவரை அழைத்து வந்தார். மூன்று பேரும் அதை மாறி மாறிப் படித்தார்கள். பெரிய அதிகாரி ஏலவார்குழலிக்கு நாற்காலி போடச் சொன்னார். ரசீதில் முத்திரை குத்தியபோது மணி இரண்டு நாற்பது.

வெளியில் வந்ததும் ஸ்ரீபாலன் ஒரு வேப்பமரத்தடியில் போய்த் தனியாக நின்றுகொண்டார். அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

“கோபம் தீர்ந்ததா அம்மா?” என்று கேட்டார் மயில்வாகனம்.

ஏலவார்குழலி ரசீதை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். “இல்ல சார்.”

ரேணுகாம்பாளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. “காலைலே அவரை உக்காரச் சொல்லிட்டு வந்தீங்களே. மெட்ராசுக்குக் கிளம்பறோம்னு அவர்கிட்டே சொன்னீங்களா?”

“சொல்லல” என்றாள் ஏலவார்குழலி. “ஆறு மணிக்குத்தான் கிளாஸ் முடியும். அதுவரைக்கும் பொண்ணுங்க யாரும் அவரை எழுந்து போகச் சொல்லமாட்டாங்க. காயட்டும்.”